பல் வலியா, அக்கியா? உதவி தேவை

தஞ்சாவூரில் இருக்கும் என் அம்மாவுக்கு (வயது 64, சர்க்கரை நோய் உண்டு) கடந்த வாரத் தொடக்கத்திலிருந்து வலது மேல் கடைவாய்ப் பற்களில் எரிச்சலுடன் கூடிய கடும் வலி இருக்கிறது. எக்ஸ்ரேயில் சொத்தையோ சீழோ தெரியவில்லை. பற்களைத் தட்டிப் பார்த்தும் எந்தப் பல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரை, கிராம்புத் தைலம் எதற்கும் வலி அடங்காததால் வேர் சிகிச்சை செய்யலாம் என்கிறார் பல் மருத்துவர். காரணம் தெரியாமல் நல்ல பல்லில் கைவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அக்கியாக இருக்குமோ என்று நான் சந்தேகிப்பதற்குக் காரணம், வலி மூக்கோரத்திலிருந்து வலது கன்னம் முழுவதும் பரவினாலும் முகத்தின் நடுக்கோட்டைத் தாண்டாமல் நிற்பதும், முகம் துடைக்கும் துண்டு பட்டாலே அவர் துடித்துப்போவதும்தான். சிறு வயதில் அவருக்குச் சின்னம்மை வந்திருக்கிறது. நரம்பு முடிச்சில் தங்கிவிடும் அந்தக் கிருமி முகத்து நரம்பு வழியாக அக்கியாக மீண்டும் கிளம்பும்போது, கொப்புளம் தெரிவதற்குச் சில நாள் முன்பே பல் வலி போலத் தொடங்குவதுண்டு. இன்று காலை டார்ச் அடித்துப் பார்த்தபோது, அண்ணத்தின் வலது பாதியில் மட்டும் கடுகளவு சிவந்த புள்ளிகள் தெரிந்தன. கன்னத்தில் எதுவும் இல்லை, கண்ணும் சிவக்கவில்லை. அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால், காத்திருக்க அச்சமாக இருக்கிறது.

கொப்புளம் முழுதாக வெளிப்படாத இந்த நிலையில் அக்கிதானா என்று உறுதிசெய்ய, இன்றே தோல் மருத்துவரிடம் காட்டுவதா, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவதா?