சில்லறையில் பிழை நாணயம்: எல்லாமே தலைகீழா இருக்கே, இது டை ரொடேஷனா?

சில்லறைப்பை:
வணக்கம். பிழை நாணயம், அதாவது நாணயச்சாலையிலேயே தப்பா அச்சான காசு தேட இப்போதான் ஆரம்பிச்சிருக்கேன். சிங்கம் நேரா இருக்கிற மாதிரி பிடிச்சு, மேலிருந்து கீழாப் புரட்டினா மதிப்பு உள்ள பக்கம் தலைகீழா வருது. 1, 2, 5 ரூபாய் எல்லாத்துலயும் இப்படித்தான். அப்புறம், மஞ்சள் நிற 5 ரூபாய் ஒண்ணுல விளிம்பு பிறை மாதிரி வெட்டுப்பட்டிருக்கு. இதெல்லாம் பிழைதானா?

பழையகாசு:
நாணயம் சரி, புரட்டுற விதம்தான் தப்பு. அமெரிக்க நாணயத்தை மேல்கீழாப் புரட்டணும். அங்கே இரு பக்கமும் எதிரெதிர் திசை. நம்ம நாணயத்துல ரெண்டும் ஒரே திசை. 12 மணி, 6 மணி இடத்துல விரலால பிடிச்சு, புத்தகத்தாள் புரட்டுற மாதிரி பக்கவாட்டுல திருப்புங்க. அப்பவும் எண் படுத்தோ தலைகீழாவோ இருந்தா அது டை ரொடேஷன், அதாவது ஒரு பக்கத்து அச்சு (டை) திரும்பிப்போய் அடிச்சது. 10, 15 டிகிரி சாய்வை விட்டுடுங்க. 90, 180ன்னா எடுத்து வையுங்க.

வில்லை:
பிறைக்கு: வெட்டுக்கு நேர் எதிர் விளிம்பை லென்ஸ்ல பாருங்க. நாணயத்துக்கான வெறும் வட்ட வில்லையைத் தகட்டுலேர்ந்து பஞ்ச்ங்கிற வெட்டுக்கருவி வெட்டும். ஏற்கெனவே வெட்டின ஓட்டை மேல அது விழுந்தா வில்லை பிறையாக் குறையும். அப்புறம் விளிம்பு எழுப்புற மெஷின்ல அந்த இடத்துல அழுத்தம் கிடைக்காததால, எதிர்ப்பக்க விளிம்பு பெரும்பாலும் மழுங்கியே இருக்கும். அரத்தால ராவியிருந்தா எதிர்ப்பக்கம் முழுசா நிக்கும், வெட்டுல இணைகோடா கீறல் தெரியும். எடையும் போடுங்க, 23 மி.மீ. மஞ்சள் 5 ரூபாய் 6 கிராம் இருக்கணும்.

சில்லறைப்பை:
எதிர்ப்பக்கம் மழுங்கித்தான் இருக்கு, கீறல் இல்லை. எடை 5.62. புளி போட்டுத் தேய்க்கலாமா? நடு வில்லை கழன்ற 10 ரூபாய் வளையமும் ஒண்ணு இருக்கு.

வில்லை:
அப்போ பிறை அசல்தான், நல்லாப் பாதுகாத்து வையுங்க. புளி வேண்டவே வேண்டாம் சார். அமிலம் பட்டா பித்தளை செம்பு நிறமாயிடும், அதோட மதிப்பும் போச்சு. பிவிசி உறையும் கூடாது, நாளானா பச்சையாப் பிசுபிசுக்கும். மைலார்ங்கிற கண்ணாடி மாதிரி தாள்ல ஜன்னல் வச்ச அட்டைல போடுங்க.

பழையகாசு:
வளையத்தோட உள்விளிம்பைப் பாருங்க. நடு வில்லை இல்லாமலே அச்சடிபட்டிருந்தா உலோகம் உள்ளே வழிஞ்சு ஓட்டை சுருங்கியிருக்கும். ஓட்டை சுத்தமா வட்டமா இருந்தா, வெளியே யாரோ தட்டிக் கழட்டினது.
இன்னொண்ணு, ஆண்டுக்குக் கீழே உள்ள குறிகளைப் பிழைன்னு எடுத்து வைக்காதீங்க, அது எந்த நாணயச்சாலைன்னு காட்டுற குறி. வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லன்னா கொல்கத்தா.