லண்டன் ஹாரோவிலிருந்து ரோசஸ் கடற்கரைக்குக் காரில்: முதல் பயணத்துக்கு இது சரி வருமா?

ஹாரோ_அப்பா:
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் தொடக்கத்தில் இரண்டு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. ஸ்பெயினில் ரோசஸ் பக்கம் ஒரு கேம்ப்சைட்டில் மொபைல் ஹோம் (அங்கேயே நிறுத்தி வைத்திருக்கும் சிறு வீடு) பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் பணம் கட்டவில்லை. காரிலேயே போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மனைவி விமானம்தான் என்கிறார். இருவருமே ஓட்டுவோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5, கூடவே மாமியார். கார் சாதாரண ஐந்து சீட் ஹேட்ச்பேக். கடலுக்கு அந்தப் பக்கம் இதுவரை ஓட்டியதில்லை. பிரான்ஸின் கலே துறைமுகத்தில் இறங்கினால் ரோசஸுக்கு 1,250 கிலோமீட்டர் அளவுக்கு வருகிறது. சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, லியோன் பக்கம் ஒரு இரவு தங்கி, ஞாயிறு மாலை கடற்கரையில் இருக்கலாம் என்று திட்டம். தயங்காமல் சொல்லுங்கள்.

மில்டன்_உமா:
உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. பின் சீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் பிள்ளைகளின் பூஸ்டர் (உயரம் கூட்டும் இருக்கை), நடுவில் மாமியார். பிரான்ஸில் 10 வயது வரை பிள்ளைகளுக்கான சீட் கட்டாயம், ஸ்பெயினில் 135 செ.மீ. உயரம் வரும் வரை. அதனால் பையனுடையதைக் கழற்றிவிட முடியாது. நடு சீட்டின் சாய்வு கட்டை மாதிரி இருக்கும், காலடியில் மேடு, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் விளிம்பு இடுப்பில் இடிக்கும். பெல்ட் கொக்கியை மாட்டவே பூஸ்டருக்கு அடியில் விரலை விட்டுத் துழாவ வேண்டும். வயதானவரை இப்படி இரண்டு நாள் உட்கார வைப்பது பாவம். பார்சிலோனாவுக்கு இரண்டு மணி நேரம் சொச்சம்தான் விமானம். அங்கே ஏழு சீட் வண்டி வாடகைக்கு எடுங்கள். பூஸ்டரை இங்கிருந்தே கொண்டுபோய்விடலாம்.

நெடுஞ்சாலை:
பின் சீட் விஷயத்தில் உமா சொல்வது நியாயம். ஆனால் காரை விட்டுவிட அது காரணமாகாது. பள்ளி விடுமுறையில் ஐந்து டிக்கெட், பெட்டிகளுக்குத் தனிக் காசு, இரண்டு வார வாடகைக் கார், அதற்கு மேல் காப்பீடு என்று எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். காரில் போனால் ஹாரோவிலிருந்து போக வர 2,800 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் என்றால் 196 லிட்டர். டோல் ஒரு வழிக்கே 80 யூரோவுக்கு மேல் ஆகும், அது உண்மை. ஃபோக்ஸ்டன் சுரங்க ரயிலில் தலைக்கு இத்தனை என்று கிடையாது, ஒரு காருக்கு ஒரே கட்டணம். 35 நிமிடத்தில் அந்தப் பக்கம்.

காசை விடுங்கள். வழியே ஒரு விடுமுறைதான். ஏ26 நெடுஞ்சாலையில் ரான்ஸ், அப்புறம் த்ருவா, திஜோன், லியோன், ஓரான்ஜ், நீம், பெர்பிஞ்ஞான். நீம் பக்கத்தில் போன் து கார் இருக்கிறது. ரோமானியர்கள் தண்ணீர் கொண்டுபோகக் கட்டிய மூன்றடுக்குப் பாலம், கிட்டத்தட்ட 49 மீட்டர் உயரம். அதன் அடியில் கார்தோன் ஆற்றில் பிள்ளைகள் குளிக்கலாம். விமானத்தில் போகிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. கூரைப் பெட்டி ஒன்று வாங்கிப் போடுங்கள், டிக்கி காலியாகிவிடும்.

லாச்சப்பல்_அண்ணை:
தம்பி, நான் பாரிஸில் இருக்கிறேன், இந்தச் சாலைகளில்தான் என் பிழைப்பு. காரில் வாருங்கள், ஆனால் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை மட்டும் வேண்டவே வேண்டாம். இங்கே பிசோன் ஃபுதே என்ற அரசு சேவை ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் போட்டுச் சொல்லும். அந்தச் சனிக்கிழமைக்கு வழக்கமாகக் கறுப்புத்தான் விழும். ஜூலையில் விடுமுறைக்குப் போனவர்கள் திரும்பும் நாளும் ஆகஸ்டுக்காரர்கள் கிளம்பும் நாளும் ஒன்றாக வந்துவிடுகின்றன. லியோனில் ஃபூர்வியேர் சுரங்கத்துக்கு முன்னால் நிற்கத் தொடங்கினால், அங்கிருந்து ஓரான்ஜ் வரை ஏ7 முழுக்க நகர்ந்து நகர்ந்துதான் போக வேண்டும். வெளியே வெயில், உள்ளே ஐந்து வயதுப் பிள்ளை. செவ்வாய் அல்லது புதன் கிளம்புங்கள்.

நெடுஞ்சாலை சொன்ன வழியும் எனக்குச் சரிப்படவில்லை. ரூவான், ஓர்லெயான், வியர்ஸோன், லிமோஜ், துலூஸ் என்று மேற்குப் பக்கமாக வாருங்கள். ஏ20-இல் வியர்ஸோனிலிருந்து பிரீவ் வரை டோலே கிடையாது, கூட்டமும் குறைவு. துலூஸ் தாண்டினால் கார்க்கசோன் கோட்டை. பையன் அதை விட்டு வெளியே வரமாட்டான்.

நெடுஞ்சாலை:
அண்ணா, ரூவானில் நெடுஞ்சாலை அறுந்துபோகிறது, ஊருக்குள் பாலம் தேடி நெளிந்து போக வேண்டும். வலது பக்கம் ஓட்டுவதே புதிதான ஒருவரை இறங்கிய அன்றே அதற்குள் அனுப்பலாமா? ஏ26 நேர் ரோடு, கூட்டமும் குறைவு. கை பழகட்டும். லியோன் ஊருக்குள் போகாமல் கிழக்கே ஏ46-இல் சுற்றிவிடலாம்.

லாச்சப்பல்_அண்ணை:
ஏ46 அன்றைக்குக் காலியாகவா இருக்கும்? கிளம்பும் நாளை மாற்றினால் உங்கள் வழியையும் ஏற்கிறேன். நாளை மாற்றாமல் எந்த வழியும் உதவாது.

கிராய்டன்_ரஞ்சி:
எல்லோரும் ரோட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். மாமியாரிடம் எந்தக் கடவுச்சீட்டு? இலங்கைக் கடவுச்சீட்டு என்றால், இங்கே நிரந்தர வதிவிடம் இருந்தாலும் ஷெங்கன் விசா (பிரான்ஸ், ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே வாங்கிக்கொள்வார்கள். கோடை நெருங்க நெருங்க விண்ணப்பிக்க நேரம் கிடைப்பது கஷ்டம்.

அதோடு, முதல் பயணத்துக்கே மத்தியதரைக் கடல் எதற்கு? போர்ட்ஸ்மவுத்தில் இரவு ஃபெர்ரி ஏறி பிரான்ஸின் சான் மாலோவில் காலையில் இறங்குங்கள். லா ரொஷேல், ஒலெரோன் தீவுப் பக்கம் கேம்ப்சைட் நிறைய இருக்கிறது. ஒரே பகலில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஸ்பெயின்தான் வேண்டும் என்றால் போர்ட்ஸ்மவுத்திலிருந்து வட ஸ்பெயினின் சந்தாந்தேருக்கே கப்பல் போகிறது, அந்தக் கரையிலேயே தங்கிவிடுங்கள்.

நெடுஞ்சாலை:
ரஞ்சி அக்கா, ஒலெரோன் அருமையான இடம்தான். ஆனால் அவர் பிள்ளைகளுக்கு வெதுவெதுப்பான கடலைக் காட்ட ஆசைப்படுகிறார். அட்லாண்டிக்கில் ஆகஸ்டிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும், அலையும் பெரிது. சந்தாந்தேரும் அதேதான், மழை வேறு. ஆசையைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதைவிட நாளைக் கூட்டச் சொல்லலாம். இரண்டு நாளில் ஓடாதீர்கள், நான்கு நாளில் போங்கள்.

மில்டன்_உமா:
போக நான்கு நாள், வர நான்கு நாள். பதினைந்து நாளில் பாதி காரிலா? பிள்ளைகளுக்கு அது விடுமுறையே இல்லை. ஒவ்வொரு இரவும் புது அறை, புதுப் படுக்கை, காலையில் மறுபடி பெட்டி கட்டு. இதையெல்லாம் செய்யப்போவது யார் என்று அந்த வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர் மனைவி விமானம் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஹாரோ_அப்பா:
உமா சொன்னதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரிக்கு "அதேதான்" என்றார். மாமியாருக்கு இலங்கைக் கடவுச்சீட்டுத்தான், விசா எடுக்கவில்லை. நல்லவேளை, இன்னும் நாள் இருக்கிறது. மாமியார் வழிக்குச் சிக்கன் ரோல்ஸும் தயிர்ச்சோறும் கட்டித் தருவதாகச் சொல்கிறார். அந்தச் செலவாவது மிச்சம்.

கிராய்டன்_ரஞ்சி:
ரோல்ஸும் தயிர்ச்சோறும் கொண்டுபோக முடியாது. பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் எடுத்துச்செல்லத் தடை. பிடித்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு கட்டச் சொல்லுங்கள். வாழைப்பழம் கொண்டுபோகலாம். திரும்பும்போதும் 2025 ஏப்ரலிலிருந்து அங்குள்ள சீஸ், ஆடு, மாடு, பன்றி இறைச்சி எதையும் இங்கே கொண்டுவர முடியாது.

உங்கள் நால்வரின் கடவுச்சீட்டையும் இன்றே எடுத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் என்றால், உள்ளே நுழையும் நாளில் அது கொடுத்து 10 வருடம் ஆகியிருக்கக் கூடாது, வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும். இப்போது எல்லையில் முகப்படம், கைரேகையும் எடுக்கிறார்கள். 12 வயதுக்குக் கீழே கைரேகை இல்லை. டோவரானாலும் ஃபோக்ஸ்டனானாலும் பிரெஞ்சுப் போலீஸ் இந்தக் கரையிலேயே இதை முடித்துவிடும். நேரம் வைத்துப் போங்கள்.

லாச்சப்பல்_அண்ணை:
வண்டிக்கு: லாக்புக் (வண்டிப் பதிவு ஆவணம்) மூலப்பிரதி, பின்னால் யூகே ஸ்டிக்கர் (பழைய ஜிபி செல்லாது), எதிரே வருபவர் கண் கூசாமல் முகப்பு விளக்கில் ஒட்டும் வில்லை, எச்சரிக்கை முக்கோணம். பளிச்சிடும் மேலாடை டிக்கியில் இருந்தால் போதாது, கைக்கு எட்டும் இடத்தில் வேண்டும். உங்கள் இன்சூரன்ஸ் ஐரோப்பாவிலும் முழுக் காப்பு தருகிறதா என்று கேளுங்கள். பல பாலிசிகள் அங்கே அடுத்தவருக்கு ஆகும் சேதத்தை மட்டும்தான் ஏற்கும். நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் இங்கிலாந்து பிரேக்டவுன் கம்பெனியைக் கூப்பிட்டுக் காத்திருக்காதீர்கள். ஆரஞ்சு நிற போன் கம்பத்தில் பேசினால் அங்கே அனுமதி பெற்ற இழுவை வண்டிதான் வரும், பில்லை வைத்துப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். பெட்ரோல் பங்கில் 'கஸோல்' என்றால் டீசல், கவனம். நிரப்புவதை சூப்பர்மார்க்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள், நெடுஞ்சாலையில் விலை கூட.

நெடுஞ்சாலை:
டோலைத் தானாகக் கட்டும் கருவியை இங்கேயே வரவழைத்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். நம் வண்டியில் ஸ்டியரிங் வலது பக்கம், டோல் பெட்டி இடது பக்கம். கருவி இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி டோல் டிக்கெட்டை எடுக்க வேண்டும். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். வயதானவர் முன் சீட்டில் இருந்தால் முடியவே முடியாது.

பின் சீட் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. இங்கேயே ஏழு சீட் வண்டியை வாடகைக்கு எடுங்கள். ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக அனுமதியும், லாக்புக்குக்குப் பதிலாக விஇ103 படிவமும் வாடகை நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

மில்டன்_உமா:
அதற்கும் வாடகை என்றால் நீங்கள் முதலில் போட்ட கணக்கு எங்கே போயிற்று? மாமியாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு மனைவி விமானத்தில் வரட்டும். அவரும் பையனும் காரில் போகட்டும்.

நெடுஞ்சாலை:
அப்போது ஓட்ட ஒரே ஆள். புது நாடு, புதுப் பக்கம், 1,250 கிலோமீட்டர், கை மாற்ற யாரும் இல்லை. இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். செலவு கூடினாலும் பரவாயில்லை, இரண்டு பேர் ஓட்ட வேண்டும்.

ஹாரோ_அப்பா:
வீட்டில் பேசினோம். ஏழு சீட் வண்டி. செவ்வாய் கிளம்புகிறோம், ரான்ஸ், திஜோனுக்குத் தெற்கே போன் (Beaune), நீம் மூன்று ஊரிலும் ஒவ்வோர் இரவு. வெள்ளி காலை போன் து கார் பார்த்துவிட்டு மாலை ரோசஸ். அங்கே எட்டு இரவு, திரும்பும்போதும் வழியில் மூன்று. பெட்டி கட்டுவது முழுக்க என் பொறுப்பு, அது மனைவியின் நிபந்தனை. வாடகை கட்டுப்படியாகாவிட்டால் உமா சொன்னபடி எல்லோரும் விமானம். ரஞ்சி அக்கா, விசாவுக்கு ஸ்பெயின்தானே?

கிராய்டன்_ரஞ்சி:
எட்டுக்கு ஆறு, ஸ்பெயின்தான். ஆனால் அந்த எட்டு இரவில் கைவைக்காதீர்கள். நீமில் இன்னும் ஒரு நாள் நிற்கலாம் என்று மாற்றினால் ஏழும் ஏழும் சமமாகிவிடும், அப்போது முதலில் நுழையும் நாடான பிரான்ஸிடம் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். தங்குமிடம் எல்லாவற்றையும் ரத்து செய்யக்கூடியதாகப் போட்டு, மாமியார் பெயரும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நேரம் எடுங்கள்.