ஹியூமிடிஸ்டாட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக்குள் காற்றின் ஈரத்தைக் குறைக்கும் கருவி ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஈரமானி, ஈரநீக்கி எல்லாம் சிக்கலில்லாமல் உட்கார்ந்துவிட்டன. ஹியூமிடிஸ்டாட் மட்டும் படிய மாட்டேன் என்கிறது. காற்றின் ஈரப்பதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, நாம் வைத்த அளவைத் தாண்டினால் கருவியை ஓடவிட்டு, அளவுக்குக் கீழே வந்ததும் அணைத்துவிடும் பகுதி அது. தெர்மோஸ்டாட் வெப்பத்துக்குச் செய்வதை இது ஈரத்துக்குச் செய்கிறது. இப்போதைக்கு "ஈரநிறுத்தி" என்று போட்டிருக்கிறேன். திருத்துபவர் "ஈரப்பதக் கட்டுப்பாட்டுக் கருவி" என்கிறார். சரியான சொல்தான், ஆனால் விரல் நகம் அளவுள்ள பொத்தானுக்கு மேலே அதை எப்படி அச்சடிப்பது?

— ம.

*

ம. அம்மாவுக்கு,

ஈரநிறுத்தி வேண்டாம். வினையடியோடு இகர விகுதி சேர்ந்து கருவிப்பெயராவது நம் மொழியில் பழைய வழிதான், மண்வெட்டி போல. ஆனால் "நிறுத்தி" என்பது வினையெச்சமாகவும் நிற்கும். "ஈரநிறுத்தியை நிறுத்தி வைக்கவும்" என்று உங்கள் கையேட்டிலேயே ஒரு வரி வரத்தான் போகிறது. படிப்பவர் எந்த நிறுத்தியைப் பிடித்துக்கொள்வார்?

ஈரம் என்ற சொல்லிலும் எனக்கு மனக்குறை உண்டு. குறள் 91இல் "ஈரம் அளைஇ" என்னும்போது ஈரம் என்றால் அன்பு. ஈரமில்லாதவன் என்று ஒருவரைச் சொன்னால் அது வசை. அப்படிப்பட்ட சொல்லோடு நீக்கி, நிறுத்தி என்று ஒட்டவைப்பது எனக்கு உவப்பாக இல்லை. "ஓதம்" இருக்கிறதே. கடலலைக்கும் அதுதான் பெயர், சுவரில் ஏறும் நீர்க்கசிவுக்கும் அதுதான். இன்றும் வாயில் புழங்கும் சொல், அகராதியில் மட்டும் கிடப்பதில்லை. ஓதக்காவல் என்று வையுங்கள்.

— செ.

*

செ. ஐயா, ஓதம் என்றால் சித்த மருத்துவத்தில் விரைவீக்கம். வீட்டுக் கருவியின் பெயராக அதை அச்சடித்துக் கொடுத்தால் ம. அம்மாவுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும்.

அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. ஓதம் சுவருக்குள் ஏறும் நீர். தரையிலிருந்து செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலே வருவது, அல்லது எங்கோ குழாய் கசிந்து பரவுவது. ஈரநீக்கி காற்றில் இருக்கும் நீராவியைத்தான் பிடிக்கும். ஓதம் அடித்த சுவர் இருக்கும் அறையில் அதை ஓட்டினால் தொட்டி நிறைந்துகொண்டே இருக்கும், சுவரோ காயாது, ஏனென்றால் வரத்து நிற்கவில்லை. கருவியின் பெயரிலேயே ஓதம் என்று போட்டால், அது ஆற்றாத நோய்க்கு மருந்து என்று விற்றதாக ஆகிவிடும்.

— ந.

*

ந. சொன்னதுதான் இந்த இழையில் முக்கியமானது என்று நினைக்கிறேன். பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவன், கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன்.

இந்தக் கருவி பார்ப்பது ஈரத்தையே அல்ல. 30 பாகை செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் அளவுக்கு நீராவியைத் தாங்கும். அதே காற்று 20 பாகைக்குக் குளிர்ந்தால் 17 கிராம்தான் தாங்கும். அப்படியானால் 30 பாகையில் 60 விழுக்காடு என்று ஈரமானி காட்டும் அறையில் கனமீட்டருக்கு 18 கிராம் இருக்கிறது. அந்தக் காற்று 20 பாகையில் இருக்கும் சுவரைத் தொட்டால் அங்கே நீர் கோக்கும். அறைக்குள் ஒரு சொட்டு நீர்கூடப் புதிதாக வரவில்லை! வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியைத் திறந்து பாருங்கள். முன்வரிசைப் புத்தகங்கள் நன்றாக இருக்கும், பின்பலகையைத் தொட்டு நிற்பவற்றின் விளிம்பில்தான் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருக்கும், தோல் பையில் சுவர்ப்பக்கம் மட்டும் வெள்ளை பூத்திருக்கும். அங்கே காற்று ஓடாது, பலகையும் குளிர்ந்திருக்கும். நடு அறையில் தொங்கும் மானி 60 என்று காட்டும்போதே அந்த மூலையில் 80ஐத் தாண்டியிருக்கும்.

ஆகவே காக்க வேண்டியது ஒரு நிலை, அதாவது வெப்பத்தோடு சேர்த்துப் பார்க்கும் விகிதம். வெப்பத்துக்கு "வெப்பநிலை" என்று அழகாக வைத்துவிட்டோம். ஈரத்துக்கும் ஈரநிலை என்று வைத்தால் கருவி "ஈரநிலைப்பி" ஆகும். நிலைக்கச் செய்வது நிலைப்பி.

நிறுத்தி என்ற சொல்லால் கேடும் உண்டு. ஈரத்தை நிறுத்துவதுதான் வேலை என்று நினைப்பவர், குமிழைக் கடைசிவரை திருகி 30இல் வைத்துவிடுவார். மரம் சுருங்கும், அதுவும் இழையோட்டத்துக்குக் குறுக்காக. மேசையின் பொருத்துகள் வாய் பிளக்கும், மரத்தாலான இசைக்கருவியின் மேற்பலகை விரியும். பூஞ்சைக்கு அஞ்சி மரத்தை இழந்ததுதான் மிச்சமாகும்.

— ர.

*

ர. தம்பி எழுதியதைப் படித்ததும் ஓதத்தை விட்டுவிட்டேன். ஆனால் "நிலை"யை ஏற்க மாட்டேன். உங்களுக்கு வேண்டியது "பதம்".

ஈரப்பதம் என்று நாள்தோறும் சொல்கிறோமே, அதில் பதம் எதற்காக வந்தது? மண் பதமாக இருக்கும்போது உழு என்றால் என்ன பொருள்? சேறாகவும் இல்லை, கட்டியாகவும் இல்லை, ஏர் இறங்கும் அளவுக்கு ஈரம் இருக்கிறது என்று பொருள். பாகு பதம் என்றால் அங்கே சூடும் நீரும் சேர்ந்தே கணக்கு. அதாவது நீரும் வெப்பமும் கூடி ஒரு பொருள் இருக்க வேண்டியபடி இருப்பதுதான் பதம். நீங்கள் கிராமும் பாகையும் போட்டு இரண்டு பத்தியில் விளக்கியதை இந்த மூன்றெழுத்துச் சொல் முன்னமே வைத்திருக்கிறது. தோலைப் பதனிடுகிறோம், காயைப் பதப்படுத்துகிறோம், இரண்டும் கெடாமல் காப்பதற்காக. எனவே "பதங்காப்பி". வெப்பமும் ஈரமும் ஒருசேரக் காக்கும் கருவி நாளை வந்தாலும் இதே சொல் பொருந்தும்.

— செ.

*

பதம் வடசொல் அல்லவா? பதவுரை, பதம் பிரித்தல் எல்லாம் அங்கிருந்து வந்தவைதானே.

— இ.

*

இ. அவர்களே, அந்தப் பதம் வேறு, இந்தப் பதம் வேறு. சொல், அடி என்று பொருள்படுவது வடக்கிலிருந்து வந்தது. மண்ணின் பதம் நம்முடையது, "பதன்" என்றும் வரும், பதனிடுதல் அதிலிருந்துதான். இதற்கு விளக்கமாகப் பலர் எழுதும் "பக்குவம்"தான் உண்மையில் வடசொல். சொல்லை ஐயப்படும் முன் அதன் உறவுகளைப் பார்க்க வேண்டும்.

— செ.

*

நான் இந்தக் கருவிகளைப் பழுது பார்ப்பவன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இதுவரை யாருமே வாங்கியவரை நினைத்துப் பார்க்கவில்லை. ஹியூமிடிஸ்டாட் என்று தமிழ் எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? பெட்டியில் அதுதான் இருக்கிறது, உதிரிப் பாகம் கேட்கும்போதும் அதைத்தான் சொல்ல வேண்டும். பதங்காப்பி என்று எழுதிப் பாருங்கள், பாதிப் பேர் காப்பி போடும் இயந்திரம் என்றுதான் நினைப்பார்கள். திடப்பொருள் நேரே ஆவியாவதைச் சொல்லும் பதங்கமாதல் வேறு வேதியியல் பாடத்தில் இருக்கிறது.

சொல்லைவிட முக்கியமான ஒன்றைக் கையேட்டில் சேருங்கள் அம்மா. இந்த உணரிகள் நாளாவட்டத்தில் பிசகும். சரிபார்க்க எளிய வழி உண்டு. ஒரு சின்ன மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு காற்றுப்புகாத பைக்குள் வைத்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். உப்பு மானியின் மேல் படக் கூடாது. காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மானி 7 குறைத்துச் சொல்கிறது. அந்த வித்தியாசம் தெரியாமல் 55இல் வைத்திருப்பவரின் அறை உண்மையில் 62இல் இருக்கும், அப்புறம் கருவி சரியில்லை என்று என்னைக் கூப்பிடுவார்.

— மு.

*

மு. அவர்களே, உப்புச் சோதனையைச் சேர்த்துவிடுகிறேன், மிக்க நன்றி. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கையேட்டின் பின்பகுதியில் இதே ஹியூமிடிஸ்டாட் ஈரமூட்டியையும் இயக்கும் என்று வருகிறது. காற்று மிகவும் வறண்டுபோனால் ஈரத்தைக் கூட்டுமாம். அங்கே ஈரநிறுத்தி என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும். நாளை மாலை கோப்பை அனுப்புகிறேன், எல்லாரும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

— ம.

*

ஈரநிலைப்பி. கூட்டவும் குறைக்கவும் பொருந்தும். (ர.)

ஈரநிலைப்பி, வேறு வழியில்லை என்பதால். "ப்பி" காதுக்கு இனிமையாக இல்லை. (ந.)

ஹியூமிடிஸ்டாட். (மு.)

ஈரநிலைப்பி போதும். தொடக்கக்கால ஈரமானியைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1783இல் சொசூர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் மனிதத் தலைமுடியை வைத்து ஈரமானி செய்வதை விளக்கி எழுதினார். ஈரம் ஏறினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும், முள் நகரும். பிற்கால ஹியூமிடிஸ்டாட்களிலும் முடியோ நைலான் பட்டையோதான் ஆளியை, அதாவது சுவிட்சை, இழுத்தது. அதனால் "ஈர ஆளி" என்றும் வைக்கலாம், ஆனால் நேரமில்லை. (இ.)

*

சரி. ஈரநிலைப்பி என்றே போட்டுவிட்டேன், முதல் இடத்தில் மட்டும் "ஹியூமிடிஸ்டாட் எனப்படும் ஈரநிலைப்பி". பொத்தானுக்கு மேலே "ஈரநிலை" மட்டும் வருகிறது, இடம் போதுமானதாக இருக்கிறது. கோப்பு போய்விட்டது. எல்லாருக்கும் நன்றி.

— ம.

*

பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை. ஆனால் என் மாற்றுக் கருத்து இழையில் பதிவாகட்டும். நிலை என்பது எந்த அளவுக்கும் பொதுவான சொல். 30இல் நிற்பதும் நிலைதான், 90இல் நிற்பதும் நிலைதான். மரத்துக்கும் தாளுக்கும் தோலுக்கும் தகுந்த அளவு என்ற கருத்து அதில் இல்லை. 30இல் வைத்து மேசையைப் பிளக்கவிடுபவரைப் பற்றி ர. தம்பி கவலைப்பட்டாரே, ஈரநிலைப்பி என்ற சொல் அவரை எப்படித் தடுக்கும்? பதம் தடுக்கும். அடுத்த பதிப்புக்கு நேரம் இருக்கும்போது மறுபடி பேசுவோம். கருவி 55இல் ஓடத் தொடங்கி 50இல் நிற்கிறதே, அந்த இடைவெளிக்கும் இன்னும் சொல் இல்லை. அதை இப்போதே யோசித்து வையுங்கள்.

— செ.