கரும்பலகை ஓரத்தில் ஒரு பட்டியல்

மூன்றாம் வகுப்பு ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்:

நான் மாறுதலில் வந்தபோதே இந்த வகுப்பில் அந்தப் பழக்கம் இருந்தது. நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டீச்சர் வெளியே போனதும் லீடர் சாக்பீஸை எடுத்து, கரும்பலகை ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவான். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவு முறை) வருகைப் பதிவு போட சிக்னல் தேடி வாசல் வரை போய் வருவதற்குள் பலகை நிரம்பிவிடும்.

ஒரு நாள் முதல் பெயருக்கு நேரே வரிசையாகப் பெருக்கல் குறிகள். அந்தப் பையன் அன்று பள்ளிக்கே வரவில்லை! காய்ச்சல் என்று அவன் அக்கா காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். லீடரைக் கேட்டால், "அவன் எப்பவும் பேசுவான் மிஸ்" என்கிறான், கொஞ்சமும் அசராமல். தோண்டிப் பார்த்தால், பெயரை அழிக்கக் கட்டணம் வேறு: ஒரு கடலை மிட்டாய் அல்லது பாதி மாங்காய். எட்டு வயதில் என்ன நிர்வாகத் திறமை!

பட்டியலுக்கு அன்றோடு முழுக்கு. லீடரைத் திட்டவில்லை, கொடுத்த வேலையைத்தானே செய்தான். இப்போது வெளியே போகும் முன் கைக்கு வேலை கொடுத்துவிட்டுப் போகிறேன். 'ழ' வரும் சொற்களை இரண்டு பேராகச் சேர்ந்து ஸ்லேட்டில் எழுத வேண்டும். சத்தம் இருக்கும், இருக்கட்டும். 'வாழைப்பழம்' ஒரு சொல்லா இரண்டா என்று சண்டை போட்டால் எனக்குச் சந்தோஷம்தான். திரும்பி வந்ததும் ஒரு தாளத்தில் கை தட்டுவேன், அவர்கள் அதையே திருப்பித் தட்ட வேண்டும். தாளத்தை அடிக்கடி மாற்றுங்கள். பழகிவிட்டால் பேசிக்கொண்டே தட்டும் ஆட்கள் இவர்கள்.

ஈராசிரியர் பள்ளி, தருமபுரி மாவட்டம்:

எங்களிடம் லீடர் வைக்கும் அளவுக்குப் பிள்ளைகளே இல்லை டீச்சர். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை. 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து, வகுப்பைப் பார்க்காமல் கற்றல் நிலையை வைத்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் (மேல் நிலை) என்று உட்கார வைக்கிறோம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தமிழில் அரும்பு. ஒன்றாம் வகுப்புச் சுண்டைக்காய்கள் "அரும்பண்ணா" என்று கூப்பிட, அடுத்த நொடி அடிதடி. ஆனால் கணக்கில் அவன் மலர். அதனால் காலையில் முதலில் கணக்கை வைத்தேன். சின்னதுகள் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாமல் அவனிடம் போய் நிற்கின்றன. தமிழ் வகுப்பில் இப்போது அந்தப் பெயர் அதிகம் கேட்பதில்லை.

இன்னொன்று. 2023 ஆகஸ்டில் அரசின் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. அதற்கு முன் பதினொரு மணிக்கு "வயிறு வலிக்குது மிஸ்" என்று சிணுங்கிக்கொண்டு, பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிற கூட்டம் ஒன்று இருந்தது. இப்போது அதில் பாதிப் பேரைக் காணோம்.

நான்காம் வகுப்பு ஆசிரியர், மதுரை:

எனக்குப் பிள்ளைகளைவிட அப்பாக்கள்தான் பாடு. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பெற்றோர் கூட்டத்தில் பையனை வைத்துக்கொண்டே சொல்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது என்று சொன்னேன். "அதெல்லாம் சட்டத்துக்கு சார், நமக்குள்ள என்ன" என்கிறார் ஒருவர். அப்பாவை எப்படிச் சமாளிப்பது என்று யாராவது சொல்லுங்களேன்.