பெரிய கோயிலின் உச்சியில் இருப்பது ஒரே கல்லா?

கல்வெட்டுக்காதலன்: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின், உச்சியில் 80 டன் எடையுள்ள ஒரே கல் அமர்ந்திருக்கிறது என்று பொன்னிவளவன் மறுபடியும் எழுதியிருக்கிறார். எத்தனை முறைதான் மறுப்பது? உச்சிக் குடத்தைத் தாங்கும் அந்த எண்பட்டைச் சிகரம் பல துண்டுகளாகச் செதுக்கி இணைக்கப்பட்டது. அருகிலிருந்து எடுத்த படங்களில் இணைப்புக் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன.

பொன்னிவளவன்: கோடு தெரிந்தால் அது இணைப்பாகத்தான் இருக்க வேண்டுமா? ஆயிரம் ஆண்டு வெயிலும் மழையும் பட்ட கல்லில் கோடு விழாதா? சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாய்தளம் அமைத்து யானைகளைக் கொண்டு அந்தக் கல்லை ஏற்றினார்கள் என்று ஊரே சொல்கிறது. ஊரார் அனைவரும் பொய்யர்கள், தாங்கள் ஒருவர் மட்டுமே மெய்யர் போலும்.

கல்வெட்டுக்காதலன்: வெயிலில் விழும் விரிசல் சம இடைவெளியில் விழாது. மேலும், விமானத்தின் உச்சியில் வைப்பதற்காக இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் செப்புக்குடம் கொடுத்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. அக்கால எடை அளவுகளில் குடம் 3083 பலம் என்றும், அதன்மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு என்றும் அரைக் கழஞ்சைக்கூட விடாமல் எழுதிவைத்தவர்கள், அந்தக் குடத்தின் கீழேயே இருந்த 80 டன் கல்லைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அதை எந்தத் தராசில் நிறுத்தீர்கள் என்று சொன்னால் நாங்களும் வந்து பார்ப்போம்.

தச்சன்மகன்: அந்தக் கல்வெட்டு கொடைகளைப் பதிவு செய்வது, கட்டுமானக் கணக்கு அன்று. சுவரில் உள்ள மற்றக் கற்களின் எடையும் அதில் இல்லை. ஆகவே சுவரும் இல்லை என்பீர்களா?

கல்வெட்டுக்காதலன்: சுவர் ஒரே கல் என்று யாரும் பெருமை பேசவில்லையே.

பொன்னிவளவன்: எகிப்தியர் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ஒற்றைக்கல் தூண்களை நிறுத்தினார்கள் என்றால் உடனே நம்புகிறீர்கள். சோழன் 80 டன்னை ஏற்றினான் என்றால் மட்டும் கை நடுங்குகிறது. இந்தத் தாழ்வு மனப்பான்மை எப்போது தீருமோ!

கல்வெட்டுக்காதலன்: அவர்கள் நிறுத்தியது தரையில், நீங்கள் ஏற்றுவதோ 200 அடி உயரத்தில். உள்ளே கூடாக எழும்பும் விமானத்தின் உச்சியில் துண்டுகளை ஒன்றையொன்று தாங்கும்படி பூட்டி, ஆயிரம் ஆண்டுகள் நகராமல் நிற்க வைத்த குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் கணக்கறிவுதான் எனக்குப் பெருமை. உங்களுக்கோ யானை இழுத்ததுதான் பெருமை.

வடவாறு: சிகரம் எப்படியோ போகட்டும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதையாவது இருவரும் ஒப்புக்கொள்கிறீர்களா?

கல்வெட்டுக்காதலன்: காலையிலோ மாலையிலோ ஒருமுறை அங்கே போய்ப் பாருங்கள், நிழலிலேயே உட்கார்ந்துகொள்ளலாம்.

வடவாறு: கேட்டதற்கு ஏன் ஏளனம்? நந்தியைப் பற்றிய விவாதத்திலும் தாங்கள் இதே தொனியில்தான் பேசினீர்கள். நான் இன்னும் மறக்கவில்லை.

கல்வெட்டுக்காதலன்: இப்போதுள்ள பெரிய நந்தி நாயக்கர் காலத்தது என்று அன்று சொன்னேன், இன்றும் அதையே சொல்கிறேன்.

பொன்னிவளவன்: பார்த்தீர்களா, முதலில் கல் சோழனுடையது அன்று என்றார், இப்போது நந்தியும் அன்று என்கிறார். நாளை கோயிலே சோழனுடையது அன்று என்பார்.

கல்வெட்டுக்காதலன்: கல் சோழனுடையது அன்று என்று நான் எங்கே சொன்னேன்? பல துண்டுகள் என்றேன். பல துண்டுகள்.

தச்சன்மகன்: ஒரே கல்லா, பல துண்டுகளா என்று நீங்கள் இருவரும் வாதிடுவது சிகரத்தையா, அதன் அடியில் எட்டு நந்திகள் அமர்ந்திருக்கும் தளத்தையா?

பொன்னிவளவன்: உச்சியில் இருப்பதைத்தான் சொல்கிறேன். 80 டன்.

கல்வெட்டுக்காதலன்: உச்சியில் இருப்பது குடம். அதன் எடையை மேலேயே கொடுத்திருக்கிறேன். படிக்கும் பழக்கம் இருந்தால் படிக்கலாம்.

வடவாறு: அந்த விவாதத்தில் நந்தியைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை. நாயக்கர்கள் வைப்பதற்கு முன் அந்த இடத்தில் எந்த நந்தி இருந்தது?