கடையில் வென்ற டவர் ஸ்பீக்கர் வீட்டில் தோற்றது ஏன்: எங்கள் அனுபவங்கள்

இருபது ஆண்டுகளாகச் சிறிய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்களிலேயே இசை கேட்டு வந்த நான், தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடியை, கைக்கு அடங்கிய விலையில் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தபோது, ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களில் ஸ்பீக்கர்களைப் பற்றி அறிந்துகொண்டதைவிட, நான் எப்படிக் கேட்கிறேன் என்பதைப் பற்றி அறிந்துகொண்டதே அதிகம் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

கடையில் மூன்று ஜோடிகளை அடுத்தடுத்துக் கேட்டேன். முதலாவதில் தாழ்ந்த ஒலியை எழுப்பும் ஆறரை அங்குல ஊஃபர் இரண்டு; உணர்திறன் (கொடுத்த மின்திறனுக்கு எவ்வளவு உரத்து ஒலிக்கும் என்ற அளவு) 91 டெசிபெல் என்று அட்டையில் போட்டிருந்தது. இரண்டாவது மெலிந்த பெட்டி, ஐந்து அங்குல ஊஃபர்கள், 87 டெசிபெல். மூன்றாவது, நடு ஒலிக்கெனத் தனி யூனிட் வைத்த மூவழி அமைப்பு, 88 டெசிபெல். பத்து நிமிடங்களில் முதல் ஜோடி என் மனத்தைப் பிடித்துவிட்டது. மற்ற இரண்டும் அதன் முன் சோர்ந்து ஒலித்தன. ஒரு ஜோடியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழை யாரும் தொடவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. 87 டெசிபெல் ஸ்பீக்கர் 91 டெசிபெல் ஸ்பீக்கருக்கு இணையான உரப்பில் ஒலிக்க வேண்டுமானால் இரண்டரை மடங்கு மின்திறன் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் ஒப்பிட்டால், உரத்து ஒலிப்பதைக் காது ‘தெளிவு’ என்றும் ‘உயிர்ப்பு’ என்றும் பெயர் மாற்றி வாங்கிக்கொள்கிறது. உரப்பு குறையும்போது நம் செவிக்குப் பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி மற்ற ஒலிகளைவிட விரைவாகத் தேய்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் ஆகிய ஒலி ஆய்வாளர்கள் இருவர் 1933-இலேயே வரைபடமாகக் காட்டியிருக்கிறார்கள். மெல்ல ஒலித்த ஜோடிகள் எனக்கு ‘பாஸ் இல்லாதவை’யாகப் பட்டதற்கு அவற்றின் குறை மட்டும் காரணமில்லை.

முதல் ஜோடியை வாங்கி வந்து வைத்தேன். முதல் இரவே ஒரு தொல்லை தெரிந்தது. பாஸ் கிட்டார் படிப்படியாக இறங்கிவரும் ஒரு பதிவில், ஒரே ஒரு சுரம் மட்டும் பூதமாக வீங்கி, அடுத்த சுரம் வந்த பிறகும் அறையை விட்டுப் போக மறுத்தது. பெட்டியில் கோளாறு என்று எண்ணி, விற்றவரிடம் முறையிடவும் செய்தேன். உண்மையில் கோளாறு என் அறைக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் இருந்தது. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால், அந்த நீளத்தில் நின்று அதிரும் முதல் அலையின் அதிர்வெண் கிடைக்கும். என் அறை 4.3 மீட்டர், விடை 40 ஹெர்ட்ஸ், அடுத்த அலை 80. பாஸ் கிட்டாரின் தடித்த தந்தியை அழுத்தாமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், அதே சுரத்தின் மேல் ஸ்தாயி 82. இந்த இரண்டு அலைகளும் சுவரோரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். நானோ பின்சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தேன். நாற்காலியைச் சுவரிலிருந்து 1.1 மீட்டர், அதாவது அறை நீளத்தில் கால் பங்கு, முன்னே இழுத்தேன். அந்த இடத்தில் 80 ஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ மறைந்துவிடும், 40 ஹெர்ட்ஸ் அலையும் மூன்று டெசிபெல் அளவுக்குத் தணியும். வீக்கம் வடிந்தது. என் பழைய சிறிய ஸ்பீக்கர்கள் அவ்வளவு தாழ்ந்த ஒலியை வலுவாக எழுப்பியதே இல்லை. ஆகவே அறையின் இந்தக் குணம் இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தெரியாமலேயே இருந்திருக்கிறது.

வீக்கம் போன பிறகுதான் அந்த ஜோடியின் உண்மையான முகம் தெரிந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. பெண் குரல் உச்சத்துக்குப் போகும்போது ஒரு கூர்மை உறுத்தியது. எனவே மற்ற இரண்டு ஜோடிகளையும் சில நாட்களுக்குக் கேட்டு வாங்கி வந்தேன். இம்முறை உட்காரும் இடத்தில் கைப்பேசியின் ஒலி அளவி செயலியை வைத்து, எல்லா அதிர்வெண்களும் கலந்த பிங்க் இரைச்சலை ஓடவிட்டு, மூன்று ஜோடிகளையும் அரை டெசிபெல் வித்தியாசத்துக்குள் கொண்டுவந்தேன். கைப்பேசி காட்டும் எண் அளவில் பிழையானதாக இருக்கலாம். ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாட்டைப் பார்க்க அது போதும்.

மிருதங்கத்தின் தொப்பி எனப்படும் இடப்பக்கத்தில் எழும் கும்கி மிக நல்ல சோதனை. அங்கே ஒலி ஒரே இடத்தில் நிற்காமல் வழுக்கி ஏறுகிறது. நல்ல ஸ்பீக்கரில் அந்த ஏற்றத்தின் ஒவ்வொரு புள்ளியும் காதில் விழும். பாஸைச் செயற்கையாகத் தூக்கிக் காட்டும் பெட்டியில் எல்லாக் கும்கியும் ஒரே ‘தும்’ ஆகிவிடும். முதல் ஜோடி அப்படித்தான் செய்தது. மூன்றாவது ஜோடி வழுக்கலைக் காட்டியது, வலந்தலையின் (வலப்பக்கத்தின்) ‘நம்’ என்ற நாதத்தையும் அதனிடமிருந்து பிரித்துக் காட்டியது. அடுத்துத் தம்புரா: தந்தியைத் தொட்டுவிட்ட கணத்துக்குப் பின் மேல் சுரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மலர்ந்து வருவது, உயர்ந்த ஒலியை எழுப்பும் ட்வீட்டர் முரட்டுத்தனமாக இருந்தால் வெறும் சீறலாகிவிடும். இரண்டாவது ஜோடி இதில் மூன்றாவதையும் மிஞ்சியது. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மெல்லிய பெட்டி, சிறிய ஊஃபர், ஆனால் குரலும் தம்புராவும் அவ்வளவு இயல்பாக இருந்தன.

என் கண் என்னை ஏமாற்றியிருக்கக்கூடும் என்ற ஐயமும் இருந்தது. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகிய ஒலியியல் ஆய்வாளர்கள் 1994-இல் செய்த சோதனையில், அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் கேட்டபோதும் கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டபோதும் ஒரே மனிதர்கள் வெவ்வேறு மதிப்பெண்கள் கொடுத்தார்கள். பார்த்தபோது பெரியவை உயர்ந்தன, சிறியது தாழ்ந்தது. நானும் ஒலி புகும் மெல்லிய துணியைத் தொங்கவிட்டு, மகளை மாற்றச் சொல்லிக் கேட்டேன். எட்டு முறையில் ஒரு முறைகூட முதல் ஜோடியை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

அட்டையில் உள்ள எண்களைப் பற்றி ஒரு சொல்: ‘35 ஹெர்ட்ஸ் முதல்’ என்று மட்டும் இருந்து, அந்த இடத்தில் ஒலி எத்தனை டெசிபெல் குறைந்திருக்கிறது என்று இல்லாவிட்டால், அந்த எண்ணால் பயனில்லை.

* * *

மேலே எழுதிய நண்பரின் பதிவில் ஆம்ப்ளிஃபயர் இடம்பெறவில்லை என்பதால், நான் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

நான் வாங்கிய டவர் ஸ்பீக்கரில் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தது. என்னிடம் இருந்தது 30 வாட் ஆம்ப்ளிஃபயர். பத்து நிமிடம் சற்று உரக்க வைத்தால் அது தானாக அணைந்துவிடும். ஆம்ப்ளிஃபயர் பழுது என்று இரண்டு முறை எடுத்துச் சென்றேன். பழுது எதுவும் இல்லை. இரண்டு ஊஃபர்களை இணையாக இணைத்த அமைப்புகள் பலவற்றில் மின்தடை பாஸ் பகுதியில் 4 ஓமுக்கும் கீழே இறங்குகிறது; தடை குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் அதிக மின்னோட்டம் கொடுத்துத் திணறுகிறது. அச்சிட்ட எண் ஒரு பெயரளவு எண் மட்டுமே. என் ஜோடி 3.2 ஓம் வரை இறங்குகிறது என்று அளந்தவர் ஒருவர் காட்டினார். உணர்திறன் எண்ணிலும் இதே மறைவு உண்டு. 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டரில் அளப்பது வழக்கம். 8 ஓமில் அது 1 வாட், 4 ஓமில் 2 வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரின் எண்ணில் மூன்று டெசிபெல் இலவசமாகச் சேர்ந்துவிடுகிறது.

மூன்று மீட்டர் தொலைவில் சாதாரணமாகக் கேட்க ஒரு வாட்டே போதும் என்பதும் உண்மை. ஆனால் பியானோவை ஓங்கி அடிக்கும் கணம் சராசரியைவிட 20 டெசிபெல் எகிறினால், அந்தக் கணத்துக்கு நூறு வாட் வேண்டும். 4 ஓமைத் தாங்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்கு மாறிய பிறகு அதே ஸ்பீக்கர் வேறு பொருளாகிவிட்டது. பழியை இத்தனை நாளும் அதன்மீது போட்டுக்கொண்டிருந்தேன் என்பது இப்போதும் வருத்தம் தருகிறது.

* * *

என் அறையில் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைக்கவே இடமுண்டு. பின்பக்கம் துளை (பாஸை வலுவாக்கும் காற்றுவழி) உள்ள டவரை வாங்கிவிட்டேன். ஒன்று மூலையில், மற்றது திறந்த பக்கத்தில் நின்றதால் மூலையில் இருந்தது மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. அதன் துளையில் மட்டும் மென்மையான ஃபோம் அடைத்தேன். உறுமல் முழுமையாகப் போகவில்லை, பாதி போயிற்று. இடமில்லாதவர்கள் முன்பக்கம் துளை உள்ளதை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதையும் கேட்டுப் பார்த்தேன், சுவர் பாஸைப் பெருக்குவது துளை எந்தப் பக்கம் இருந்தாலும் நடக்கிறது. சிறிய அறையில் டவரே வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

* * *

முதல் பதிவை எழுதியவன் நான்தான். எந்த ஜோடியை வைத்துக்கொண்டீர்கள் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். நீண்ட தயக்கத்துக்குப் பின் மூன்றாவதை வைத்துக்கொண்டேன். நான் கேட்பதில் பாதி தாளக் கருவிகள்; தம்புராவில் இரண்டாவது ஜோடி காட்டிய மென்மையை அதற்காக இழக்கத் துணிந்தேன். குரல் மட்டுமே கேட்பவராக இருந்தால் இரண்டாவதை எடுத்திருப்பேன்.

பெட்டியின் முன்முகம் அதற்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து 90 சென்டிமீட்டரில் இருந்தபோது, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 95 ஹெர்ட்ஸ் அருகே நேரொலியைத் தணித்து ஒரு பள்ளத்தை உண்டாக்கியது. கும்கி அங்கே மெலிந்தது. 60 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்ததும் பள்ளம் 140 ஹெர்ட்ஸ் பக்கம் நகர்ந்து, கும்கி நிறைந்தது. ட்வீட்டர்கள் நேராக என் காதைப் பார்க்காமல், என் தோளுக்குச் சற்று வெளியே பார்க்கும்படி திருப்பியிருக்கிறேன். நேற்று இரவு அதே பாஸ் கிட்டார் பதிவை மறுபடி ஓடவிட்டேன். அந்த ஒரு சுரம் இப்போது மற்றச் சுரங்களின் உயரத்திலேயே வந்து, நேரத்தில் நின்றது.