முதலாண்டு இளம் அறிவியல் வகுப்பில் வேதிச் சமநிலையைக் கற்பிப்பது எப்படி?

பொருநைக்கரை (கேள்வி)

வணக்கம். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பிய வேதியியல் நடத்துகிறேன். சமநிலை மாறிலியை (சமநிலையில் விளைபொருள், வினைபடுபொருள் செறிவுகளின் விகிதத்தை) கணக்கிடச் சொன்னால் பெரும்பாலோர் பிழையின்றிக் கணக்கிட்டுவிடுகிறார்கள். ஆனால் சமநிலையை எட்டிய கலனுக்குள் என்ன நிகழ்கிறது என்று கேட்டால், வினை நின்றுவிட்டது என்றோ, வினைபடுபொருள்களும் விளைபொருள்களும் சம அளவுக்கு வந்துவிட்டன என்றோதான் விடை வருகிறது. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா தரும் வினையில், வேகத்தை மட்டும் மாற்றும் வினைவேகமாற்றியைச் சேர்த்தால் சமநிலையில் அம்மோனியாவின் அளவு கூடும் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். மேல்நிலை வகுப்புகளில் மனனம் செய்த, மாற்றத்துக்கு உள்ளாகும் சமநிலை அம்மாற்றத்தை எதிர்க்கும் திசையில் நகரும் என்னும் லீ சாட்லியர் தத்துவத்தை எல்லாக் கேள்விகளுக்கும் ஒப்பிக்கிறார்கள். வகுப்பில் அறுபது பேர் உள்ளனர். பாதிக்கு மேற்பட்டோர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். கணினி வசதியுள்ள அறை எப்போதும் கிடைப்பதில்லை. இந்தச் சூழலில் நீங்கள் வகுப்பில் செய்து பார்த்துப் பயன் கண்ட வழிகளை அறிய விரும்புகிறேன்.

ஆய்வுக்கூடம் (பதில்)

கணக்குகளைத் தொடங்கும் முன் ஒரு பாடவேளை முழுவதையும் நீருக்கு ஒதுக்குங்கள். ஒரு குழுவுக்கு 25 மி.லி. அளவுச்சாடிகள் இரண்டும், உள்விட்டம் 6 மி.மீ., 3 மி.மீ. கொண்ட கண்ணாடிக் குழாய்கள் இரண்டும் போதும். முதல் சாடியில் 25 மி.லி. நீரை ஊற்றி, இரண்டாவதைக் காலியாக விடுங்கள். ஒரு மாணவர் பெரிய குழாயை முதல் சாடியிலும், மற்றவர் சிறிய குழாயை இரண்டாவதிலும் அடிவரை இறக்கி, மேல்முனையை விரலால் மூடி எடுத்து, உள்ளே நிற்கும் நீரை ஒரே நேரத்தில் எதிர்ச்சாடியில் விட வேண்டும். ஒவ்வொரு முறையும் இரு மட்டங்களையும் குறித்து வரைபடமாக்கச் சொல்லுங்கள். குழாய்க்குள் ஏறும் நீரின் அளவு சாடியின் மட்டத்தைப் பொறுத்தது என்பதால், இந்த மாற்றம் முதல் வகை வினையின் (வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் அமையும் வினையின்) வேகவிதியையே பின்பற்றுகிறது.

ஏறத்தாழ முப்பது முறைக்குள் மட்டங்கள் 5 மி.லி., 20 மி.லி. ஆகிய இடங்களை ஒட்டி நிலைத்துவிடும். குழாய்களின் குறுக்குப் பரப்புகள் 4:1 என்ற விகிதத்தில் இருப்பதே அதற்குக் காரணம். இரு கைகளும் நீரை மாற்றிக்கொண்டேயிருக்க, மட்டம் மட்டும் அசையாமல் இருப்பதை மாணவர்கள் தாங்களே காண்கிறார்கள். இரு மட்டங்களும் சமமாக இல்லை என்பதையும் காண்கிறார்கள். அடுத்து எல்லா நீரையும் இரண்டாவது சாடியில் வைத்துத் தொடங்கச் செய்யுங்கள். அப்போதும் அதே மட்டங்களே வரும். வினைவேகமாற்றிக்கு 8 மி.மீ., 4 மி.மீ. குழாய்களைக் கொடுங்கள், குறைந்த முறைகளில் அதே இடத்தை அடைவார்கள். இந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, முன்னோக்கு, பின்னோக்கு வினைகளின் வேக மாறிலிகளின் விகிதமே சமநிலை மாறிலி என்பதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

கனிமவழி (பதில்)

மேலே சொன்ன முறையை நானும் மதிக்கிறேன். ஆயினும் அது தனியாக நின்றால் வேறொரு தவறான எண்ணத்துக்கு இடம் கொடுக்கும். இரு சாடிகளைப் பார்த்த மாணவர், வினைபடுபொருள்கள் ஒருபுறமும் விளைபொருள்கள் மறுபுறமும் தனித்தனியே இருக்கின்றன என்று எண்ணக்கூடும். சமன்பாட்டை நாம் எழுதும் முறையும் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்துகிறது. ஆகவே, அடுத்த வகுப்பிலேயே எல்லாம் ஒரே கரைசலில் கலந்திருக்கும் ஓர் அமைப்பைக் காட்ட வேண்டும்.

அதற்கு ஃபெர்ரிக் அயனியும் தயோசயனேட் அயனியும் சேர்ந்து தரும் சிவப்பு அணைவு மிகவும் ஏற்றது. வெளிர்ச் சிவப்பாகும் அளவுக்கு நீர்த்த கரைசலை ஒரு சோதனைக்குழாயிலும், நீர்த்த பெர்மாங்கனேட் கரைசலை இன்னொன்றிலும் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் சம அளவு நீர் சேர்த்துக் கொள்ளளவை இருமடங்காக்குங்கள். பிறகு இரண்டையும் வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தி, மேலிருந்து நெடுக்காகப் பார்க்கச் சொல்லுங்கள். செறிவு பாதியானாலும் ஒளி கடக்கும் தூரம் இருமடங்காவதால் பெர்மாங்கனேட்டின் நிறம் மாறுவதில்லை. தயோசயனேட் குழாயிலோ நிறம் தெளிவாகக் குறைகிறது. அணைவின் ஒரு பகுதி பிரிந்துவிட்டது என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் இல்லை. எந்தக் கருவியும் இல்லாமல், நீர்த்தல் வேறு, சமநிலை நகர்வது வேறு என்று பிரித்துக் காட்டும் இச்சோதனையை எல்லாக் கல்லூரிகளிலும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வினைகுணகம் (பதில்)

கனிமவழி சொன்ன சோதனையின் தொடர்ச்சியாக வினை குணகத்தை, அதாவது அந்தந்தக் கணத்தில் உள்ள செறிவுகளால் கணக்கிட்ட அதே விகிதத்தை, கொண்டுவரலாம். கொள்ளளவு இருமடங்கானதும் இரு அயனிகள், அணைவு ஆகிய மூன்றின் செறிவுகளும் பாதியாகின்றன. செறிவு பகுதியில் இரண்டு முறையும் தொகுதியில் ஒரு முறையும் வருவதால், வினை குணகம் சமநிலை மாறிலியைப் போல் இருமடங்காகிறது. எனவே குணகம் மாறிலியின் மதிப்புக்குத் திரும்ப, வினை பின்னோக்கிச் செல்ல வேண்டும். இவ்வாறு காரணம் காட்டப் பழகிய மாணவருக்கு லீ சாட்லியர் தத்துவத்தை ஒப்பிக்கும் தேவை பெருமளவு குறைந்துவிடும்.

அத்தத்துவத்தின் எல்லையை உணர்த்த ஓர் எடுத்துக்காட்டைப் பரிந்துரைக்கிறேன். மாறாத வெப்பநிலையிலும் மாறாத அழுத்தத்திலும் 6 மோல் நைட்ரஜன், 2 மோல் ஹைட்ரஜன், 2 மோல் அம்மோனியா சமநிலையில் இருப்பதாகக் கொள்வோம். மேலும் 2 மோல் நைட்ரஜனைச் சேர்த்தால் எத்திசையில் நகரும் என்று கேட்டால், வகுப்பு முழுவதும் அம்மோனியா கூடும் என்றே சொல்லும். இப்போது கணக்கிடச் சொல்லுங்கள். மாறாத அழுத்தக் காரணியை விட்டுவிட்டு மோல் பின்னங்களால் (மொத்த மோல்களில் ஒவ்வொன்றின் பங்கால்) எழுதினால், வினை குணகம் 8.33 இலிருந்து 9 ஆக உயர்கிறது. அதாவது அம்மோனியா சிதைகிறது. நைட்ரஜன் சேரும்போது கலன் விரிவடைந்து ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம் குறைகிறது. அது மும்மடி அடுக்கில் வருவதால் அதன் விளைவே மேலோங்குகிறது. நைட்ரஜனின் மோல் பின்னம் பாதியைத் தாண்டும்போதெல்லாம் இவ்வாறே நிகழும். கொள்ளளவு மாறாதிருந்தால் வழக்கமான விடையே சரி.

கணக்கிடும் முன் கைதூக்கி வாக்களிக்கவும், பிறகு அருகிலிருப்பவருடன் தமிழிலேயே விவாதித்து மீண்டும் வாக்களிக்கவும் செய்யுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் இயற்பியல் வகுப்புக்கென 1990களில் வளர்த்தெடுத்த முறை இது. அறுபது பேர் கொண்ட வகுப்புக்கும் பொருந்தும்.

பொருநைக்கரை

மூவருக்கும் நன்றி. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியுள்ளது. பல்கலைக்கழகத் தேர்வின் விடைக்குறிப்பு லீ சாட்லியர் தத்துவத்தையே எதிர்பார்க்கும்போது, வினை குணகத்தால் காரணம் எழுதும் மாணவர் மதிப்பெண் இழக்க மாட்டாரா?

வினைகுணகம்

இழக்காதபடி எழுதப் பழக்கலாம். கொள்ளளவு மாறாததா, அழுத்தம் மாறாததா என்பதை முதல் வரியிலும், தத்துவம் தரும் விடையை இரண்டாம் வரியிலும், வினை குணகத்தால் அதற்கான காரணத்தை அடுத்தும் எழுதச் சொல்லுங்கள். தேர்வுகளில் கேட்கப்படும் வழக்கமான கணக்குகளில் இரண்டும் ஒரே விடையையே தரும். அகமதிப்பீட்டுத் தேர்வு நம் கையில் இருப்பதால், அதில் கணக்குக்குப் பதிலாக மூலக்கூறுகளை வரைந்த நான்கு கட்டங்களையும் சமநிலை மாறிலியின் மதிப்பையும் கொடுத்து, எந்தக் கட்டம் சமநிலையைக் குறிக்கிறது, மற்றவை எத்திசையில் நகரும் என்று கேளுங்கள். மனனத்தால் மட்டும் அதற்கு விடையளிக்க இயலாது.